வலிய கப்பித்தான் டிலனாய்

பத்மநாபபுரம் அரண்மனையைக் காணச் செல்வோர் அங்குள்ள சித்திரங்களுள் ஒன்றை நின்று நோக்காது அப்பாற் செல்லார். ஐரோப்பிய உடை தரித்த போர்வீரரொருவர் மன்னரொருவர் முன்னிலையிற் பணிந்து நிற்பதாக அது தீட்டப்பெற்றுளது. மன்னர், சிறிய வேணாட்டைப் பெரிய திருவிதாங்கூர் இராச்சியமாக விரித்த மார்த்தாண்ட வர்மர். பணிந்து நிற்பவர், குளச்சற் போரிற் சிறைப்பட்ட யூஸ்தாக்கியுஸ் பெனடிக்டுஸ் டிலனாய் துரை. அச்சித்திரத்தைக் கண்டு மகிழ்வோருட் பலர், அவ்வரண்மனைக்கு அணித்தேயுள்ள உதயகிரிக் கோட்டையினுள், கூரையிழந்து நிற்கும் பழைய சிற்றாலயத்தில், அதே டிலனாய் துரை துயில்கின்றார் என்பதை அறியாது மீள்கின்றனர். சித்திரம் காட்டுவது ஒரு நாழிகை நிகழ்ச்சி. கல்லறையோ முப்பத்தாறு ஆண்டுகளின் முடிவு. அம்முப்பத்தாறு ஆண்டுகளைப் பற்றியே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

தோற்ற பகைவனைக் கொல்லுதலும், பணம் பெற்று விடுவித்தலும், சிறையில் வைத்தலும் அக்காலத்து அரசர்க்கு இயல்பு. தோற்ற பகைவன் கையில் தம் படையையே ஒப்புவித்தல் இயல்பன்று. மொழியும் மதமும் நாடும் வேறாகிய ஒருவரை, தம் நாட்டின்மேற் படையெடுத்து வந்த கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரை, ஓரரசர் எதனை நம்பித் தம் சேனைக்கு ஆசிரியராக்கினர்? அவரும் எதனை நம்பி அவ்வூழியத்தை ஏற்றனர்? இவ்வினாக்களுக்கு விடை காணின், டிலனாய் சரித்திரத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

டிலனாய் 1715-ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். பிரான்சுக்கும் ஒல்லாந்துக்கும் இடைப்பட்ட பிளாந்தர் நாட்டு மரபினர் என்பர். சமயத்தால் ரோமன் கத்தோலிக்கர். ஆயினும் அவர் ஊழியம் புரிந்ததோ, சீர்திருத்த சபையைச் சார்ந்த ஒல்லாந்தருடைய கிழக்கிந்தியக் கம்பெனியில். இலங்கையிற் கத்தோலிக்கரை அக்கம்பெனியார் எவ்வளவு நெருக்கினர் என்பது சரித்திரம் பயின்றார் அறிந்ததே. ஆகவே தம்மைக் கூலிக்கமர்த்திய கம்பெனியிலும் அவர் முழுதும் சொந்தக்காரராக இருந்தாரல்லர். அயலார் சேனையில் அயலாராய் நிற்றல் அவர்க்குக் குளச்சலில் தொடங்கியதன்று. பிற்காலத்தார் அவரை ஒல்லாந்தக் கடற்படைத் தலைவரென்றே எழுதிவந்தனர். கம்பெனியின் ஏடுகளை ஆராய்ந்தோரோ, அந்நாளில் அவர் அத்துணைப் பெரும் பதவி வகித்தவரல்லர் என்கின்றனர். இது மெய்யாயின் அவர் பெருமை குறையாது. கம்பெனி காணாத தகுதியை மார்த்தாண்ட வர்மர் கண்டனர் என்பதே பெறப்படும்.

போர் மூண்டது மிளகினால். மலையாளக் கரையில் விளையும் மிளகை, அங்கங்குள்ள சிற்றரசரோடு உடன்படிக்கை செய்து, தாம் வைத்த விலைக்கு வாங்கிவந்தனர் ஒல்லாந்தர். 1729-இற் பட்டமெய்திய மார்த்தாண்ட வர்மர் அச்சிற்றரசரை ஒவ்வொருவராக அடக்கத் தொடங்கவே, உடன்படிக்கைகளும் ஒவ்வொன்றாக மடிந்தன. இலங்கையில் ஒல்லாந்தர்க்குத் தேசாதிபதியாயிருந்த வான் இம்ஹாவ் என்பவர் 1739-இற் கொச்சிக்கு வந்து, கம்பெனியின் நண்பர்களாகிய சிற்றரசரை விட்டுவிட வேண்டுமென்று வற்புறுத்தினர். இணங்காவிடிற் படையெடுப்பதாகவும் அச்சுறுத்தினர். அதற்கு மன்னர், அங்ஙனமாயின் தாமும் ஐரோப்பாவின்மேற் படையெடுக்க எண்ணியுள்ளதாக விடை கூறினரென்று ஒரு கதை வழங்குகின்றது. அக்கதை மெய்யோ பொய்யோ, மன்னர் அஞ்சினாரில்லை என்பது மெய்.

இலங்கையினின்று வந்த ஒல்லாந்தர் படை குளச்சலில் இறங்கிக் கரையோர ஊர்களைச் சூறையாடிற்று. பத்மநாபபுரம் அப்போது தலைநகர். குளச்சலிலிருந்து அது சில மணி நேர நடைதான். வடக்கே போரில் ஈடுபட்டிருந்த மன்னர் விரைந்து மீண்டு, திருவட்டாற்று ஆதிகேசவப் பெருமாளை வழிபட்டுக் களம் புகுந்தனரென்பர். கரையிலிருந்த மீனவர் மன்னர்க்குத் துணைநின்றனர். பனந்தடிகளை வண்டிகளில் ஏற்றி வரிசையாக நிறுத்திப் பீரங்கிபோற் காட்டி ஒல்லாந்தரை மருட்டினரென்ற கதையை இன்றும் அவ்வூர் முதியோர் பேரர்க்குச் சொல்லுவதுண்டு. 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ஆம் நாள் ஒல்லாந்தர் முறிந்தனர். கோட்டைக்குள் ஒதுங்கியோரும் வெடிமருந்து தீப்பற்றி அழிந்தபின் பணிந்தனர். சாவா தீவில் அப்போது மூண்டிருந்த கலகத்தால் பத்தேவியாவிலிருந்து அவர்கட்கு உதவி வரவுமில்லை. துப்பாக்கிகளும் பீரங்கிகளும் சில ஐரோப்பியரும் மன்னர் கைப்பட்டன. அவ்வைரோப்பியருள் டிலனாயும், தொனாதி என்னும் மற்றொருவரும் இருந்தனர்.

சிறைப்பட்டோர் புலியூர்க்குறிச்சிக் கோட்டையில், அதாவது பின்னர் உதயகிரியென வழங்கிய கோட்டையில், வைக்கப்பட்டனர். அங்கே அவர்கள் சங்கிலியிற் பிணிக்கப்பட்டு வாடினாரல்லர். மன்னர் அவர்களை அன்பாக நடத்தித் தம் ஊழியத்திற்கு அழைத்தனர். முதலில் அரண்மனைக் காவற்படையிற் சில வகுப்புக்களைக் கவாத்துப் பழக்கும் வேலை டிலனாய்க்குத் தரப்பட்டது. அவ்வகுப்புக்கள் சில திங்களிற் பெற்ற ஒழுங்கைக் கண்ட மன்னர், அவரைக் கப்பித்தானாக உயர்த்தினர். காலப்போக்கில் அவர் படை முழுமைக்கும் தலைவராகி, வலிய கப்பித்தான் என்று மக்களால் அழைக்கப்பெற்றார். வலிய என்னும் மலையாளச் சொல்லுக்குப் பெரிய என்பது பொருள்.

மன்னர் இவரை நம்பியதற்குக் காரணம் இவர் வீரம் மட்டுமன்று. இவர் அயலார் என்பதே தலையாய காரணமென யாம் கருதுகின்றோம். அக்காலத்து வேணாட்டுப் படை மன்னருடைய படையன்று. நாயர் வீரர் தத்தம் தறவாட்டிற்கும் தத்தம் தேசத் தலைவர்க்கும் கட்டுப்பட்டவர். தலைவர் அழைப்பின் வருவர், தடுப்பின் வாரார். எட்டு வீட்டில் பிள்ளைமார் என்னும் பிரபுக்கள் இவ்வலிமையைக் கொண்டே முன்னிருந்த அரசர்களைப் பொம்மைகளாக ஆட்டினர். இளமையில் மார்த்தாண்ட வர்மரும் அவர்களால் உயிர்க்கு அஞ்சி ஒளிந்து திரிந்தவர். ஆதலின் அவர் பட்டமெய்திய நாள்முதல், எவ்வீட்டிற்கும் உரியரல்லாத வீரரைத் தேடிக்கொண்டேயிருந்தனர். அவர்க்கு முன்னிருந்த அரசர் காலத்திலேயே மதுரை நாயக்கருடைய குதிரைகளும் காலாட்களும் கூலிக்கு வந்ததுண்டு. மார்த்தாண்ட வர்மர் பாண்டி நாட்டினின்று பொன்னம் பாண்டித் தேவன் தலைமையில் மறவர் படையை வருவித்தனர். அவருடைய பெரிய தளவாயாகிய இராமய்யனும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த தமிழ் அந்தணக் குடும்பத்தினரே. இவ்வரிசையிற் கடைசியாக வந்து முதன்மை பெற்றவர் டிலனாய். அவர்க்கு இந்நாட்டில் தாய்மாமனில்லை, மருமகனில்லை, தறவாடில்லை, கலகஞ் செய்தால் ஒளிக்க ஒரு குன்றுமில்லை. மன்னர் தரும் சோறும் மன்னர் தரும் மதிப்புமே அவர்க்குப் பற்றுக்கோடு. கம்பெனிக்குத் திரும்பினும், கைவிட்டு ஓடியவரென்ற தண்டனையே காத்திருக்கும்.

பிற நாட்டாரைப் படையிற் சேர்க்கும் வேந்தர் யாவரும் இந்நியாயத்தையே உள்ளத்திற் கொண்டவர். போப்பாண்டவருடைய ஸ்விஸ் காவலர் 1506 முதல் ரோமாபுரியைக் காக்கின்றனர். 1815-இல் ஆங்கிலேயர் தம்மோடு பொருத கூர்க்கரையே தம் படையிற் சேர்த்தனர். 1831-இல் பிரெஞ்சுக்காரர் அயல்நாட்டார்க்கெனத் தனிப் படையொன்று வகுத்தனர். உள்ளூர்ப் பகையும் உறவும் இல்லாதவனுடைய வாள் எப்பக்கமும் சாயாது என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கு எப்போதும் சரியாக வந்ததென்று சொல்வதற்கில்லை. ஆயினும் டிலனாய் விஷயத்திற் பெரும்பாலும் சரியாகவே வந்தது.

அவர் செய்த வேலை யாது? முதலாவது கவாத்து. ஒரு சொல்லுக்கு ஒருங்கே அடிவைத்தல், ஒருங்கே துப்பாக்கி நிறைத்தல், ஒருங்கே சுடுதல், பின்வரிசை நிறைக்கும்போது முன்வரிசை சுடுதல் முதலியன. கேட்பதற்கு எளிய இவை, வாளும் பரிசையுமேந்தித் தனித்தனியே வீரங்காட்டும் பயிற்சியில் வளர்ந்தவர்க்கு முற்றும் புதியன. தனிவீரன் புகழ் மறைந்து வகுப்பின் ஒழுங்கு தோன்றுதல் வேண்டும். பலதலைமுறைப் பெருமையை விட்டுக் கொடுப்பது எளிதன்று. இரண்டாவது படைக்கலம். உதயகிரிக் கோட்டையினுள் உலைக்களம் அமைத்துப் பீரங்கிகள் வார்ப்பித்தனர். வெடிமருந்தும் குண்டும் ஆயத்தம் செய்வித்தனர். அங்கு வார்த்த பித்தளைப் பீரங்கியொன்று பதினாறடி நீளமுடையதென்றும், பிற்காலத்தில் அதனைப் பெயர்க்க யானைகளை ஏவியும் இயலாது போயிற்றென்றும் கூறுவர். நகராத பீரங்கியாற் பயன் யாதென்று நகைப்போரும் உளர். மூன்றாவது கோட்டை. உதயகிரி மதில்களைப் புதுக்கியும், கன்னியாகுமரிக்கு அருகே கடலையொட்டி வட்டக்கோட்டையை வலிவுபடுத்தியும், தெற்கெல்லையைக் காவல் செய்தனர். வட்டக்கோட்டையின்மேல் நின்று ஒரு புறம் மலையையும் ஒரு புறம் கடலையும் நோக்குவோர், இடத்தைத் தெரிந்தெடுத்த கண் படைவீரன் கண்ணென்பதை உணர்வர்.

இங்ஙனம் பழக்கிய படை சும்மா இருக்கவில்லை. 1746-இற் காயங்குளமும் அம்பலப்புழையும் வீழ்ந்தன. அம்பலப்புழை வேந்தர் அந்தணர். அவர் வீரர் எய்யும் அம்புகள் கோயிற் பூசை பெற்றனவென்று அஞ்சி நாயர் வீரர் முன்னேறத் தயங்க, டிலனாய் கிறிஸ்தவரையும் முகம்மதியரையும் முன்னிறுத்திக் கோட்டையைப் பிடித்தனரென்று சொல்வதுண்டு. அயலாரைச் சேனையிற் சேர்ப்பதன் ஆதாயமும் அதன் கொடுமையும் இவ்வொரு கதையில் அடங்கியுள்ளன. எவர் எதனை அஞ்சாரோ அவரை அதன்மேல் ஏவுதல்! தெக்கும்கூறும் வடக்கும்கூறும் பின்னர் அடங்கின. 1753-இல் மாவேலிக்கரையில் ஒல்லாந்தர் மன்னரோடு சமாதானம் செய்து, இனிச் சிற்றரசர் காரியங்களில் தலையிடுவதில்லையென்றும், படைக்கலங்கள் தருவதாகவும் ஒப்புக்கொண்டனர். தம் பழைய எசமானர் தம் புதிய எசமானர்க்கு ஆயுதம் விற்கும் நிலையை டிலனாய் தம் கண்ணாற் கண்டார். மறு ஆண்டு புறக்காட்டில் கொச்சியும் பிற நாடுகளும் கூடி எதிர்த்த படையும் முறிந்தது.

இதற்கிடையில் ஒரு காரியம் நிகழ்ந்தது. 1750-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3-ஆம் நாள், மார்த்தாண்ட வர்மர் தம் உடைவாளைத் திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமி சந்நிதியில் வைத்து, நாடு முழுவதையும் அத்தெய்வத்திற்கே தானஞ்செய்து, தாம் அதன் தாசராக நின்று ஆள்வதாக உறுதி கூறினர். திருப்படித்தானம் என்பது அதன் பெயர். அன்றுமுதல் திருவிதாங்கூர்ச் சிப்பாய் ஒவ்வொருவனும் தெய்வத்தின் சிப்பாய். அத்தெய்வத்தின் சேனைக்குத் தலைமை வகித்தவரோ, கோட்டையினுள் சிற்றாலயம் கட்டுவித்து ஜெபித்துவந்த கத்தோலிக்கர். மன்னர் இதனை முரண்பாடாக எண்ணவில்லை. டிலனாயின் வேதத்தை அவர் ஒருநாளும் தடுத்தாரில்லை. அயலார்க்கு அயல் வேதம் இயற்கையென்பது அவர் கொள்கை போலும். ஆயின் உள்நாட்டான் ஒருவன் அவ்வேதத்தைத் தழுவினால்?

அவ்வினாவிற்கு விடையாக வந்தது நீலகண்ட பிள்ளையின் சரித்திரம். நட்டாலத்திலே 1712-இற் பிறந்த அவர் நாயர் குலத்தினர், கற்றவர், பத்மநாபபுரத்தில் அரண்மனை உத்தியோகஸ்தர். கோட்டை வேலையின் பொருட்டு டிலனாயோடு பழகும்படி நேர்ந்தது. அவர் குடும்பத்திற் கால்நடைகள் மடிந்தும் விளைவு கெட்டும் துன்பங்கள் தொடர்ந்தன. மனமுடைந்திருந்த நண்பர்க்கு டிலனாய், யோபு பக்தனுடைய சரித்திரத்தை எடுத்துரைத்தார். செல்வமும் மக்களும் உடல்நலமும் இழந்தும் கடவுளை விடாத அம்மனிதனுடைய கதை நீலகண்ட பிள்ளையின் நெஞ்சைப் பிடித்தது. இதனைக் கூறும்போது, டிலனாயின் சபையும் நம் சபையும் வேறாயினும், நம் மாணவர் யாவரும் சற்று நின்று எண்ணுதல் தகும். பீரங்கி வார்க்கும் உலைக்கருகில், மொழி முழுதும் வாராத ஒரு படைவீரர், வருந்தும் நண்பர் ஒருவர்க்கு வேதத்திலுள்ள மிகக் கடினமான நூலொன்றை விளக்கினர்.

நீலகண்ட பிள்ளை 1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் புத்தாரி என்னும் இயேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றார். யூத நாட்டு லாசரு என்னும் பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அவர் மனைவி பார்கவியும் ஞானப்பூவாயினர். திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பாற் சென்றே ஞானஸ்நானம் பெற நேர்ந்ததென்பது கவனிக்கத்தக்கது. நான்காண்டுகளுக்குப் பின், 1749-இல், அவர் சிறைப்பட்டார். அரசத் துரோகம் புரிந்தாரென்பது சாட்டப்பட்ட குற்றம். விசுவாசத்தின் பொருட்டும், சாதி வேற்றுமை பாராது யாவரோடும் பழகியதன் பொருட்டுமே அவர் துன்புற்றாரென்பது திருச்சபையார் துணிபு. அதனை மறுத்து எழுதிய சரித்திர ஆசிரியரும் உளர். எருக்க மாலை சூட்டி, எருமைமேற் பின்புறம் நோக்கி ஏற்றி, ஊரூராகக் கொண்டு சென்று அடித்தனரென்று வழிவழிச் செய்தி கூறும். 1752-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் அவர் சுடப்பட்டு மாண்டார். உடல் கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கம் பண்ணப்பட்டது. 2012-இல் நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் ரோமாபுரியிற் புனிதராகவும் அவர் அறிவிக்கப்பட்டார்.

அவரைக் கொன்ற துப்பாக்கிகள் திருவிதாங்கூர்ச் சிப்பாய்களுடையன. அச்சிப்பாய்களுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்பித்தவர் யாவர் என்பதை எழுதவேண்டுவதில்லை. வேதத்தை உரைத்தவர் உயர்பதவியில் இருக்க, அவ்வுரையைக் கேட்டவர் மலையடிவாரத்தில் மாண்டார். ஒரே வேதம், ஒரே அரசர், ஒரே கோட்டை, பிறப்பொன்றே வேறு. அயலாராயிருந்ததே டிலனாய்க்குக் கவசமாயிற்று. குலத்திலும் நாட்டிலும் வேரூன்றியிருந்ததே தேவசகாயத்திற்குக் குற்றமாயிற்று.

டிலனாய் அதன்பின்னும் வேலையை விடவில்லை. நண்பர் இறந்த இரண்டாம் ஆண்டில் அவர் புறக்காட்டுக் களத்தில் நின்றார். மேலும் இருபத்தைந்து ஆண்டுகள் அதே அரச மரபிற்கு வாளேந்தினார். இதுபற்றி அவரைக் குறைகூறுவோர் உளர். யாமும் முதன்முறை இச்சரித்திரத்தைப் பயின்றபோது அங்ஙனமே கூறினோம். இப்போது அவ்வளவு எளிதிற் கூறத் துணியோம். பதவியைத் துறந்து அவர் போகக்கூடிய இடம் எது? கொச்சியில் ஒல்லாந்தர். அவர்க்கு அவர் பகைவர். அஞ்சுதெங்கில் ஆங்கிலேயர். அவர்க்கு அவர் அயலார். உள்நாட்டிலோ, கோட்டைச் சுவர்க்குள் அவரை நம்பி வாழ்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களும், தம் மனைவி மக்களும். ஆயினும், மன்னர் அவரிடமிருந்து விலைக்குப் பெற்றது வாட்பயிற்சி மட்டுமன்று, வாய் திறவாமையும் அவ்விலையுள் அடங்கியதென்பதை மறைப்பது நேர்மையாகாது.

அவர் மனைவி பெயர் மார்கரீத்தா. அஞ்சுதெங்கைச் சார்ந்த பெண்ணென்றும், பெற்றோர் முதலில் இசையாதிருக்க மன்னரே இடைநின்று மணம் முடித்துவைத்தாரென்றும் ஒரு வரலாறு உண்டு. கோட்டையினுள்ளேயே குடும்பம் வாழ்ந்தது. மகன் ஜோஹன்னஸ் இந்நாட்டிலே பிறந்து, இந்நாட்டுச் சோறுண்டு, தந்தையின் படையிற் சேர்ந்தனன். திருநெல்வேலிச் சீமையிலுள்ள களக்காட்டைப் பற்றித் திருவிதாங்கூர்க்கும் ஆற்காட்டு நவாபுக்கும் நெடுநாள் வழக்கிருந்தது. அவ்வழக்கில் எழுந்த சண்டையொன்றில், 1765-இல், இருபது வயதை எட்டும் பருவத்தில் அவ்விளைஞன் மாண்டான். தந்தை போர்க்களத்திற் சிறைப்பட்டு இந்நாட்டிற்குரியரானார். மகனோ பிறப்பினால் உரியனாகி, இறப்பினால் அதனை உறுதிப்படுத்தினான். ஐம்பதைத் தொட்ட தந்தை மகனை உதயகிரி ஆலயத்தில் அடக்கம் செய்துவிட்டு, மீண்டும் வேலைக்குச் சென்றார்.

அவ்வேலை அப்போது வடக்கெல்லையில் நடந்துகொண்டிருந்தது. 1758-இல் மார்த்தாண்ட வர்மர் மறைய, தர்மராஜா என்று புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் இராம வர்மர் பட்டமெய்தினர். மாமன் நம்பிய கப்பித்தானை மருமகனும் நம்பினர். கோழிக்கோட்டுச் சாமூதிரி கொச்சி நாட்டைப் பிடித்திருந்தமையின், கொச்சி அரசர் பழம்பகை மறந்து திருவிதாங்கூரின் உதவியை நாடினர். 1762-இல் தளவாய் மார்த்தாண்ட பிள்ளையும் டிலனாயும் படை நடத்திச் சாமூதிரியின் வீரரைத் துரத்தினர். அதன் பின்னரே நெடுங்கோட்டை எழுந்தது. கொடுங்கல்லூர்க்கு அருகே கிருஷ்ணன் கோட்டையில் தொடங்கி ஆனைமலையின் அடிவாரம் நோக்கி ஏறக்குறைய முப்பது மைல் நீண்ட மண்மதில் அது. புறத்தே அகழி, அகத்தே காவலர் செல்லும் வழி, இடையிடையே பீரங்கி மேடைகளும் மருந்தறைகளும். கொச்சியின் மண்ணின் வழியாகவும் அது சென்றது. சாமூதிரிக்கென எழுப்பியது மைசூர்க்குப் பயன்பட்டது. 1789-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தான் அம்மதிலைத் தாக்கி, பெருஞ்சேதத்தோடு பின்வாங்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு பெரும் பீரங்கிகளைக் கொணர்ந்தே அவர் அதனை உடைத்தார். கட்டியவர் அதனைக் காணவில்லை. அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

டிலனாய் 1777-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் உதயகிரியில் உயிர்நீத்தார். பிறந்த ஊரை மீண்டும் கண்டாரில்லை. அரச மரியாதைகளோடு கோட்டை ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஐந்தாண்டுகளுக்குப் பின் மார்கரீத்தா அம்மையும் அவர்க்கருகே வைக்கப்பட்டார். கல்லிற் பொறித்த எழுத்து, அவர் அறுபத்திரண்டு ஆண்டும் ஐந்து திங்களும் வாழ்ந்தார் என்றும், காயங்குளம் முதற் கொச்சிவரையுள்ள நாடுகளைத் தம் அரசர்க்குக் கீழ்ப்படுத்தினார் என்றும், நெடுங்காலம் மிக்க உண்மையோடு ஊழியம் புரிந்தார் என்றும் தெரிவிக்கின்றது. குளச்சலில் அவர் யார் பக்கம் நின்று போர்செய்தார் என்பதை அக்கல் கூறவில்லை.

தலைநகர் பின்னர்த் திருவனந்தபுரத்திற்கு மாறிற்று. உதயகிரியின் உலைகள் அவிந்தன. அவர் பழக்கிய படையின் வழித்தோன்றலாகிய திருவிதாங்கூர்ப் பட்டாளம் இந்தியா விடுதலை பெற்ற பின்னர் மதராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாம் பட்டாளமாக வகுக்கப்பட்டது. குளச்சல் வெற்றியை அது இன்றும் தன் வெற்றியாகக் கொண்டாடுகின்றது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், கோட்டையும் கல்லறையும் இருந்த நிலம் திருவிதாங்கூர்-கொச்சியினின்று பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நாகர்கோவிலினின்று திருவனந்தபுரம் செல்லும் சாலையில், தக்கலைக்குச் சற்று முன்னர் இறங்கி உட்சென்றால், மரநிழலில் ஆலயத்தின் சுவர்கள் தெரியும். கூரையில்லாமையால் வெயிலும் மழையும் நேரே கல்லின்மேல் விழுகின்றன. கல்லில் எழுத்து இரு மொழிகளில் உள்ளது. ஒன்று அவர் ஜெபித்த லத்தீன், மற்றொன்று தமிழ்.